கம்பிவலைக்கு அப்பால்

செஞ்சியில் பஸ் முதலாளி கோதண்டராமன் கட்டிய புது பஸ் கொட்டகைக்கு முன்சுவரே கிடையாது. பாய் முடைந்தாற்போல் நெருக்கமாக நெய்த கம்பிவலையைச் சென்னையிலிருந்து தருவித்து, தரைமுதல் கூரைவரை இழுத்துக் கட்டியிருந்தார். புகை வெளியே போகும், மாடு உள்ளே வராது என்பது அவர் எண்ணம். வெயிலில் நிற்பவருக்கு உள்ளே இருள்தான். உள்ளிருப்பவருக்கோ வீதி முழுதும் தெரியும்.

மழையில் மாதா கோயில் கூரை சரிந்ததும், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் சனிக்கிழமைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அந்தக் கொட்டகையையே கொடுத்தார். பங்குச்சாமியார் வலைக்கு உட்புறம் முக்காலியில் அமர்வார். வருபவர்கள் வெளியே மண்டியிடுவார்கள்.

டிரைவர் அரங்கநாதனுக்கு இச்செய்தி எட்டவில்லை. பின்வாசல் வழியே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர், வலைவழி வந்த காற்றுக்கு ஆசைப்பட்டு, ஆளில்லாத முக்காலியில் உட்கார்ந்தார். சாமியார் சாகக்கிடந்த ஒருவரைப் பார்க்க அப்போதுதான் போயிருந்தார்.

செபாஸ்தியான் மனைவி அமலோற்பவம் முக்காடிட்டு வந்து வெளியே மண்டியிட்டாள். சிலுவை வரைந்துகொண்டு, "ஆசீர்வதிக்கணும் சாமி" என்றாள்.

அரங்கநாதன் நாள்தோறும் பெருமாள் பாசுரம் ஓதுபவர். எழலாமா, இருக்கலாமா என்று தயங்குவதற்குள் அவள் தொடங்கிவிட்டாள். மகள் வேற்று மதத்தானோடு திண்டிவனம் போய்விட்டாளாம். இனி அவள் முகத்தில் விழிப்பதில்லை என்று கணவன் மாதா சுரூபத்தைத் தொட்டுச் சத்தியம் செய்து, இவளையும் செய்ய வைத்தானாம். இப்போது மகளுக்கு மாதம் நிறைந்துவிட்டது, அருகே துணையில்லை.

"சத்தியத்த மீறுனா மாதாவுக்குப் பொறுக்காது. போவலன்னா பெத்த வயிறு கேக்கல. நீங்க போன்னா போறேன். வேணாம்னா வூட்டுக்குத் திரும்பிடறேன்."

அடைக்கலம் என்று வந்தாரைக் காப்பது அரங்கன் தொழில். அவன் பெயரைச் சுமந்ததனாலேயே ஒரு டிரைவர் அதைச் செய்யலாமா? அதுவும் மாதாவின் வழக்கில்? உண்மையைச் சொன்னால் நாணத்தால் மாய்வாள். சொல்லாவிட்டால் மௌனமே மறுப்பாகும். அவள் தரையில் கையூன்றி எழத் தொடங்கினாள்.

"திண்டிவனம் மொத வண்டி விடியக்காலம் கெளம்பும்மா," என்றார். ஐயமறத் தெரிந்தது அவருக்கு அது ஒன்றே. "நான்தான் ஓட்றேன். வந்து ஏறுங்க."

அவள் கண்ணுக்குக் கைமறைப்பு வைத்து, வலையோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

"டிரைவரா?"

"ஆமாம்மா."

அவள் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அப்ப நா சொன்னது பாவசங்கீர்த்தனத்துல சேருமா, சேராதா?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்."

"சேராதுன்னா சாமியாரண்ட மறுபடி சொல்லணும். அவரு வேணாம்னுட்டா?" அவள் வீதியைத் திரும்பிப் பார்த்தாள், சாமியார் இன்னும் வரவில்லை. முக்காட்டை இறக்கிவிட்டு, "முன்னால எடம் போட்டு வையிங்க," என்றாள்.

போகுமுன் வலையைப் பார்த்து ஒருமுறை சிலுவை வரைந்துகொண்டாள். அது யாருக்கு என்று அரங்கநாதனுக்கு விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து கைகூப்பினார்.