நீட்டினால் வாங்கும் கை

மலைமேல் தலைச்சோலையில் மினி பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சுதாராணிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. ரோட்டோரத்து வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பொன்னுவேல் உட்கார்ந்திருந்தார்.

மூளையில் அடிபட்டவர்களை மறுபடியும் வேலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சுதாராணியின் உத்தியோகம். போன மாசியில் எஸ்டேட்டில் மிளகு பறிக்க ஏணி ஏறிய பொன்னுவேல், கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து நெற்றிப்பக்கம் மண்டையை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து பிழைத்தார். கை கால் திடமாக இருந்தது, பேச்சும் தெளிவு. இப்போது கார்த்திகை, காப்பிப்பழம் பறிக்கிற காலம். ஆனால் மனிதர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"சோம்பேறியாயிட்டாருன்னு ஊரே பேசுதுங்க டாக்டரம்மா," என்றாள் அவர் மனைவி கண்ணாயி. "சாப்பாட்டை முன்னால வெச்சாத்தான் சாப்புடறாரு. வெக்கலீன்னா பசிக்குதுன்னுகூடச் சொல்ல மாட்டீங்கறாரு."

சுதாராணி அவர் எதிரில் உட்கார்ந்தாள். "ஏனுங்கண்ணா, வேலைக்குப் போகணும்னு இல்லீங்களா?"

"போகோணும்னுதானுங்க இருக்குது."

"அப்புறம் ஏன் போகலை?"

பொன்னுவேல் உண்மையாகவே யோசித்தார். "தெரியலீங்க. போகோணும்னு நெனச்சுட்டே உக்காந்திருக்கறேன்."

இந்தப் பதில் சுதாராணியைப் பிடித்துக்கொண்டது. மனசு இருக்கிறது, உடம்பும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே எதுவோ நகராமல் நிற்கிறது. நெற்றிப்பக்கம் அடிபட்டால் இப்படி ஆவதுண்டு என்று படித்திருந்தாள். இவரிடம் எது நகர்கிறது, எது நகரவில்லை என்பது படிப்பில் இல்லை. அது எழுப்பிவிடுமா என்று செல்போனில் அலாரம் வைத்துப் பார்த்தாள். அடித்ததும் எடுத்தார், அமர்த்தினார், பழையபடி உட்கார்ந்துகொண்டார். தன்னை அமர்த்தச் சொன்னதோடு அலாரத்தின் வேலை முடிந்தது போலிருக்கிறது!

அந்த நேரத்தில் எஸ்டேட் மேஸ்திரி கருப்பண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் கட்டியிருந்த உர மூட்டை சரிந்துகொண்டிருந்தது. வாசலில் நிறுத்தி, மூட்டையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கயிற்றின் மறுமுனையைப் பொன்னுவேல் பக்கம் நீட்டினார். "அண்ணா, இதைப் பிடிங்க."

பொன்னுவேல் சட்டென எழுந்தார். கயிற்றை வாங்கி, மூட்டையை முழங்காலால் நெம்பித் தூக்கி, இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பவும் போய் உட்கார்ந்தார்.

கண்ணாயி வாயைப் பிளந்தாள். சுதாராணிக்கோ உடம்பெல்லாம் விழித்துக்கொண்டதுபோல் இருந்தது. தன் தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்து, "இதைத் திறந்து குடுங்கண்ணா," என்றாள். "சரிங்க," என்றார், அசையவில்லை. அதையே எடுத்து அவர் கைக்கு எதிரே நீட்டினாள். வாங்கித் திறந்து கொடுத்தார்.

"இவருக்கு வேலை செய்யத் தெரியும். தொடங்கத்தான் வரலை," என்றாள் சுதாராணி. "தொடக்கம் வெளியிலிருந்து வந்தா மீதியை இவரே பாத்துக்குவாரு."

கண்ணாயி உள்ளே போனாள். அரிவாளைக் கொண்டுவந்து கணவனிடம் நீட்டி, விறகைச் சுட்டிக்காட்டினாள். அவர் பிளக்கத் தொடங்கியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்படியானால் வேலையே ஆளைத் தேடி வரும் இடம் எது என்று கேட்டாள் சுதாராணி. கருப்பண்ணன் தாடையைச் சொறிந்தார். "எடை போடற இடம் இருக்குதுங்க. சாயங்காலம் பொம்பளைங்க ஒவ்வொருத்தரா பறிச்ச பழ மூட்டையோட வருவாங்க. வாங்கித் தராசுல மாட்டோணும், தொட்டியில கொட்டோணும்."

மறுநாள் சுதாராணி திரும்ப வந்திருக்க, அவரை அங்கே சேர்த்தார்கள். மூட்டை வர வர வாங்கினார், மாட்டினார், கொட்டினார். சுதாராணி மகிழ்ந்துபோய்க் கடைசி பஸ்ஸைப் பிடித்துச் சேலம் இறங்கினாள். மறுநாள் காலையில் கண்ணாயி போனில் கத்தினாள். எல்லாரும் போன பிறகும் பொன்னுவேல் தராசடியிலேயே, மழைத் தூறலில் நின்றிருக்கிறார். இருட்டியதும் இவள் தேடிப்போய்த்தான் கூட்டிவந்தாளாம்.

தொடங்கத் தெரியாதவருக்கு முடிக்கவும் தெரியாது. அதை யோசிக்கவில்லையே என்று சுதாராணிக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டாள். ஆனால் வழியைச் சொன்னது கண்ணாயிதான்: "மத்தியானம் தூக்குச்சட்டியைக் கையில குடுத்து நான் அனுப்பறேன். கடைசியா மூட்டை போடற பொம்பளை அதே சட்டியைக் குடுத்து, 'வாங்க, ஊட்டுக்குப் போலாம்'னு கூட்டியாரட்டும்."

அமுதவல்லி என்கிற தொழிலாளிக்கு வீடு அதே வழி. அவள் தினமும் கடைசியாகவே எடை போட ஒப்புக்கொண்டாள். அந்த ஏற்பாடு நிலைத்தது.

பறிப்பு முடிந்ததும் மூட்டை வரத்து நின்றது. அமுதவல்லி காப்பி நாற்று வளர்க்கும் நாற்றங்காலுக்கு மாறியபோது பொன்னுவேலையும் உடன் கூட்டிக்கொண்டாள். அவள் பிளாஸ்டிக் பைகளை நீட்ட நீட்ட, இவர் மண் நிரப்பி அடுக்குவார். மாசியில் சுதாராணி பார்க்கப் போனபோது, மண்குவியல் வெயிலில் கிடக்க, பொன்னுவேல் தள்ளிப் பலாமரத்து நிழலில் உட்கார்ந்து பை நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கூடை மண். அமுதவல்லியைக் காணோம், தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள்.

"இங்க வந்து உக்காரச் சொன்னது யாருங்கண்ணா?"

"யாரும் சொல்லலீங்க." மண்ணை அழுத்திக்கொண்டே அவர் யோசித்தார். "வெயில் அடிச்சுதுங்க."

குடத்தோடு வந்த அமுதவல்லியிடமும் கேட்டாள். "நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. போறப்ப மண்குவியல்கிட்டத்தான் இருந்தாரு."

அப்படியென்றால் கூடையில் மண்ணை அள்ளியதும் இவரேதான். வெயில் எழுப்பிவிட்டதா, அவராக எழுந்தாரா? சுதாராணியால் தீர்மானிக்க முடியவில்லை. மேற்கொண்டு கேட்டுக் குழப்பவும் மனமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து, அடுத்து என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.