கொடுப்பதற்கு ஒரு பெயர்

வெர்னன் குசெக் முப்பத்தெட்டு வருஷமாகக் கூடைப்பந்து அணிகளுக்கு ஆள் பார்த்துக் கொடுத்துப் பிழைத்தவர். எந்த ஊர்ப் பையன் எவ்வளவு உயரம் குதிக்கிறான், எவனுக்கு இடது கை வராது, எவன் தோற்றால் உடைந்துபோவான் என்று எழுதி எழுதியே விரல் காய்த்துப்போன மனுஷர். அத்தனை வருஷத்தில் தப்பாகக் கணித்தது நிறைய உண்டு. பொய்யாக எழுதியது மட்டும் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேஜையில் உட்கார்ந்து முதல்முறையாக ஒரு பொய் எழுதினார்.

"ரீட்டிஸ் வாஷ்கெலிஸ். வயது முப்பத்தொன்று. முழங்கால் போய்விட்டது. பந்து கைக்கு வருவதற்குள் ஆட்டம் அவனைத் தாண்டிப் போய்விடுகிறது. நமக்கு இனி உதவ மாட்டான். உரிமையை விட்டுவிடலாம்."

அவன் முழங்காலுக்கு ஒன்றுமே இல்லை. மே மாதம்தான் லிதுவேனியாவுக்குப் போய் அவன் ஆட்டத்தைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வந்தார். இருபத்திரண்டு புள்ளி எடுத்தான். தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களை மூச்சு வாங்க வைத்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், புது ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கிற ஜூன் மாதத் தேர்வில், வெர்னன் வேலை பார்க்கும் சின்சினாட்டி அணி அவனை எடுத்தது. அறுபது பேரில் ஐம்பத்தேழாவது ஆள். வெர்னன் பிடிவாதம் பிடித்ததால்தான் எடுத்தார்கள். இன்னும் இரண்டு வருஷம் அவன் ஊரிலேயே ஆடட்டும், கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார்கள். கூப்பிடவில்லை. ஒரு வருஷம் இடமில்லை. ஒரு வருஷம் பயிற்சியாளர் மாறினார். ஒரு வருஷம் அவனுக்குக் கணுக்கால் பிசகியது. ஆனால் எடுத்தவர்களுக்கே உரிமை. அவர்கள் மனசுவைத்து விட்டால் ஒழிய அமெரிக்காவில் வேறு எந்த அணியிலும் அவன் காலை வைக்க முடியாது.

இந்தக் கோடையில் அமெரிக்காவின் மேற்குக் கரை அணி ஒன்று அவனைக் கேட்டது. அங்கே புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர் முன்பு ஐரோப்பாவில் இவனை ஆடவைத்தவர். செப்டம்பர் முகாமுக்கு வரட்டும், தேறினால் ஒரு வருஷம் வைத்துக்கொள்கிறோம் என்றார். ஆனால் உரிமைக்காக எதுவும் தர மாட்டோம், நீங்களாக விட்டால் எடுத்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் முப்பத்திரண்டு வயசுக்காரனை யார் கேட்கப்போகிறார்கள்? இதுதான் கடைசி.

நன்றாக ஆடுகிறான் என்று எழுதினால் மேனேஜர் கிரேடி விலை கேட்பார், விலை கேட்டால் அவர்கள் ஓடிவிடுவார்கள். ஒன்றுக்கும் ஆகமாட்டான் என்று எழுதினால் தூக்கிப் போட்டுவிடுவார். வெர்னன் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை மூன்று பேர் மட்டும் உட்கார்ந்தார்கள். கிரேடி, வெர்னன், ஒப்பந்த விதிகளைக் கரைத்துக் குடித்த மார்லீன். வருஷத்துக்கு ஒருதரம், கொடுத்தது, வாங்கியது, கையெழுத்துப் போட்டது எல்லாவற்றுக்கும் மார்க் போடுகிற கூட்டம் அது. மார்லீன் அதைப் பிரேதப் பரிசோதனை என்பாள். சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. ஒவ்வொரு ஆட்டக்காரன் பெயரும் ஒரு காந்தப் பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"முதல்ல பெரிய பொணத்தை எடுப்போம்," என்றாள் மார்லீன். "ஹோல்கம். ஜூன் தேர்வுல இனி வரப்போற மூணு முதல் சுற்று முறையைத் தூக்கிக் கொடுத்துட்டு, ரெண்டு தடவை ஆபரேஷன் பண்ணின முட்டியை வாங்கியிருக்கோம். இன்னும் ரெண்டு வருஷம் அந்த முட்டிக்குச் சம்பளம் வேற. மார்க் சொல்லுங்க கிரேடி."

"முட்டை," என்றார் கிரேடி. "என் பேரைப் போட்டே எழுதிக்க. அன்னைக்கு வெர்னன் வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டார். நான் கேக்கல. அதுல இருந்து இவர் எழுதினதுல ஒரு புள்ளிகூட நான் மாத்தறதில்ல."

வெர்னன் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்குப் பலகையின் கீழ் மூலைக்கு வந்தார்கள். எடுத்து வைத்து, இன்னும் வராத வெளிநாட்டுக்காரர்களின் பெயர்கள் அங்கே இருந்தன. கிரேடி வெர்னன் எழுதியதைப் படித்தார்.

"அவ்ளோதானா இவன்?"

"அவ்ளோதான்," என்றார் வெர்னன். "விட்டுடலாம். சும்மா எதுக்குப் பேரை மாட்டி வெச்சுக்கிட்டு."

கிரேடி எழுந்து போய் ரீட்டிஸின் பட்டையை உரித்தார். குப்பைக்கூடை அங்கேதான், காலடியில் இருந்தது. கிரேடி அதைத் தாண்டிப் போய், பலகையின் நடுவில், நேற்று வரைந்திருந்த ஒரு கட்டத்துக்குள் அந்தப் பட்டையை ஒட்டினார்.

"நல்லவேளை," என்றார். "நேத்துல இருந்து இதுக்குத்தான் முழிச்சுக்கிட்டிருந்தோம்."

விஷயம் இதுதான். தெற்கே ஒரு அணிக்குச் சம்பளச் சுமை தாங்கவில்லை. ஒரு உயரமான ஆட்டக்காரனை இவர்கள் தலையில் கட்டிவிடப் பார்த்தார்கள். வாங்கிக்கொண்டால் கூடவே ஜூன் தேர்வின் இரண்டாம் சுற்றில் ஆள் எடுக்க ஒரு முறையும் தருகிறோம் என்றார்கள். பதிலுக்கு அவர்களுக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் லீக் விதிப்படி ஒன்றும் கொடுக்காமல் வாங்கினால் அது டிரேடே இல்லை, ஆள் மாற்றிக்கொண்டதாக ஆகாது. பேருக்காவது இந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது போகவேண்டும்.

"வேற பேர் இல்லையா?" என்று கேட்டார் வெர்னன்.

"எங்க இருக்கு?" என்றாள் மார்லீன். "பிரேசில்காரனை ஜனவரியில கொடுத்துத் தீத்தாச்சு. அந்தப் பிரெஞ்சுக்காரன் ஆட்டத்தை விட்டுட்டு பேக்கரி வெச்சிருக்கான். அவன் பேரைக் கொடுத்தா லீக் ஆபீஸ்ல, ரொட்டி வருமான்னு கேப்பாங்க. இன்னும் ஆடிக்கிட்டிருக்கற பேரா இருக்கணும். மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தன்தான்."

"ஆடறவனா இருந்தா கொடுக்க மனசு வராது," என்றார் கிரேடி. "இப்போ நீங்களே சொல்லிட்டீங்க."

"அந்த அணிக்காரங்க அவனை விட்டுடுவாங்களா? கேளுங்க."

கிரேடி வெர்னனை ஒரு மாதிரி பார்த்தார். இருந்தாலும் போனை எடுத்து, மூவருக்கும் கேட்கும்படி வைத்துப் பேசினார். தெற்கத்தி மேனேஜர் சிரித்தார். "விடறதா? டிசம்பர்ல நான் டிரேடு பண்றப்போ எனக்கும் சும்மா கொடுக்க இப்படி ஒரு பேர் வேணுமேய்யா. பத்திரமா வெச்சுக்குவேன்."

போன் அணைந்தது. வெர்னன் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார்.

"நான் எழுதினது பொய்."

மார்லீன் பேனாவைக் கீழே வைத்தாள்.

"முட்டியில ஒண்ணுமில்ல. நம்ம பெஞ்சுல உக்காந்திருக்கறவங்கள்ல மூணு பேரைவிட அவன் நல்லா ஆடுவான். மேற்குக் கரையில கூப்பிடறாங்க. சும்மா விட்டா எடுத்துக்குவாங்க. அதுக்காகத்தான் எழுதினேன்."

"அவங்ககிட்ட நீங்களே பேசினீங்களா?" என்றார் கிரேடி.

"பேசினேன்."

கிரேடி கோபப்பட்டிருந்தால்கூட வெர்னனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"வெர்னன், நல்லா ஆடறவனை நான் சும்மா விட முடியாது. முதலாளிக்கு என்ன பதில் சொல்றது? ஆடாதவன்னா இந்த டிரேடுக்கு அவனை விட்டா ஆள் கிடையாது. எப்படி எழுதியிருந்தா நான் அவனை விட்டிருப்பேன்? நீங்களே சொல்லுங்க."

வெர்னன் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அப்படி எழுத ஒரு வாக்கியம் இல்லை.

"மூணு வாரத்துக்கு முன்னாடி தேர்வுல பதினோராவது முறையில ஒரு பத்தொம்பது வயசுப் பையனை எடுத்தோமே," என்றார் கிரேடி. "நீங்க எழுதின ரெண்டு பக்கத்தை நம்பித்தான் எடுத்தேன். அது?"

"அது நிஜம்."

"சரி," என்றார் கிரேடி. பிறகு மார்லீன் பக்கம் திரும்பி, "எதுக்கும் வேற ஒருத்தரை அனுப்பி அந்தப் பையனைப் பார்த்துட்டு வரச் சொல்லு," என்றார்.

முப்பத்தெட்டு வருஷம் அந்த ஒரு வரியில் முடிந்துபோனது.

வெர்னன் எழுதியதும் சொன்னதும் முரணாக நிற்க, கிரேடி கைக்கு வந்த டிரேடையே நம்பினார். மத்தியானத்துக்குள் அது முடிந்து லீக் ஆபீசுக்கும் போய்விட்டது. மார்லீன் எல்லோருக்கும் சில்லி என்கிற கொத்துக்கறிக் குழம்பு ஊற்றின ஸ்பகெட்டி வாங்கி வைத்திருந்தாள். வெர்னன் தட்டைத் தொடவில்லை. மேலே போட்ட சீஸ் உறைந்து பாளமானது.

"உனக்கு ஏன்யா இந்த வேலை," என்றாள் அவள் மெதுவாக. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒண்ணுக்கும் ஆகாத பேரைத்தான்யா நாங்க முதல்ல தேடுவோம். நல்லா ஆடறான்னு எழுதியிருந்தா இன்னைக்கு அவன் இங்கயாவது இருந்திருப்பான்."

ஒன்றரை மணிக்கு, வெர்னன் கார் நிறுத்துகிற இடத்தில் நிற்கும்போது போன் வந்தது. லிதுவேனியாவில் அப்போது இரவு எட்டரை மணி, ஜூலை வெளிச்சம் இன்னும் போயிருக்காது. ரீட்டிஸின் குரலுக்குப் பின்னால் ஒரே கூட்டம், சிரிப்பு, தட்டுச் சத்தம்.

"மிஸ்டர் வெர்னன், பாத்தீங்களா? என் பேர் நியூஸ்ல ஓடுது. தெக்க ஒரு டீம் என்னை வாங்கியிருக்காம். தெருவே எங்க வீட்டுலதான் இருக்கு. யார் என்னைக் கேட்டது? அந்த டீம் கோச்சா? எனக்காக ஒரு உயரமான ஆளையே கொடுத்திருக்காங்களாமே?"

"ரீட்டிஸ்," என்றார் வெர்னன். வெயில் கார்க் கூரைகளில் பட்டுக் கண்ணைக் குத்தியது. "உன்னை யாரும் கேக்கலப்பா."

"நியூஸ்ல போட்டிருக்கே."

"இந்தப் பக்கத்துல இருந்து எதையாவது கொடுத்தாகணும். ஒரு பேர் தேவைப்பட்டுச்சு. உன் பேர் இருந்துச்சு. நான் எழுதினதை வெச்சுத்தான் கொடுத்தாங்க. தப்பு என்னுது."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம். கூட்டத்தின் இரைச்சல் சுவருக்கு அப்பால் போனது.

"அப்போ முகாம்?"

"இல்ல. அவங்களும் உன்னை விட மாட்டாங்க. கேட்டுட்டேன்."

அவன் ஏதோ சாமான் பட்டியல் படிப்பதுபோலச் சொன்னான்: "இங்க கிளப்புல ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் வெச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணும். ஒவ்வொரு தடவையும் அதுல ஒரு வரி போடச் சொல்லுவேன். அமெரிக்காவுல கூப்பிட்டா நடுவுல விட்டுடணும்னு. அதுக்காகச் சம்பளத்தைக் குறைச்சுக்குவாங்க. பதினோரு வருஷமா குறைச்சுக்கிட்டிருக்காங்க. இந்தத் தடவையும் போடச் சொல்லட்டுமா?"

போடு என்று சொல்வது சுலபம். ஒரு வார்த்தைதான், அவனும் நம்பிக்கொண்டு போய்ப் படுத்துவிடுவான்.

"வேணாம்," என்றார் வெர்னன். "அந்த வரியை எடுத்துடச் சொல்லு."

"எடுத்துட்டா அப்புறம்..."

"தெரியும்ப்பா."

கதவுக்கு வெளியே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கேக் வெட்ட வேண்டும் போலிருக்கிறது. அவன் அவர்களுக்கு ஏதோ பதில் சொன்னான்.

"இவங்ககிட்ட நான் என்ன சொல்றது?" என்று கேட்டான்.

"முதல்ல அம்மாகிட்ட சொல்லு."

அவன் போனை வைக்கவில்லை, மறந்திருப்பான். கதவு திறந்தது. சிரிப்பும் தட்டுச் சத்தமும் ஒருமுறை பெரிதாகக் கேட்டன. அவன் ஏதோ நான்கைந்து வார்த்தை சொன்னான், தணிந்த குரலில். பிறகு அந்த வீட்டில் பேச்சு ஒவ்வொன்றாக அடங்குவதை வெர்னன் கேட்டுக்கொண்டு நின்றார்.