நாற்பத்தொன்றாம் கிளையின் நூறாவது ஆள்

கலப்பைச் சங்கத்தின் நாற்பத்தொன்றாம் கிளையில் சேர்ப்பதற்கு மேட்டுத் தெருவில் இனி ஆளே இல்லை. அமெரிக்காவின் மோனங்கஹேலா ஆற்றங்கரை எஃகு ஆலையில் வேலை செய்த ஹங்கேரியர்கள் எல்லோரும், பதினெட்டு வயதுக்கு மேல், நாற்பத்தைந்துக்குக் கீழ், இரண்டு காலில் நிற்கக்கூடிய அத்தனை ஆண்களும் ஏற்கெனவே சேர்ந்தாயிற்று. மொத்தம் எண்பத்தாறு பேர். ஆலையில் அடிபட்டுப் படுத்தால் வாராவாரம் உதவிப் பணம் வரும். செத்துப்போனால் வீட்டுக்கு ஆயிரம் டாலர், சவப்பெட்டிக்குப் பின்னால் பேண்டு வாத்தியம். யார்தான் சேராமல் இருப்பார்கள்?

பிட்ஸ்பர்க் தலைமையகத்திலிருந்து அந்த வருஷம் ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது. டிசம்பர் முடிவதற்குள் நூறு உறுப்பினரைச் சேர்க்கும் கிளைக்குப் பொன் ஜரிகை வைத்த பட்டுக் கொடி. அதோடு, சொந்தக் கூடம் கட்டிக்கொள்ளவும் தலைமையகம் கைகொடுக்கும்.

கொடியைவிடக் கூடம்தான் எல்லோரையும் தூங்கவிடாமல் செய்தது. கிளைத் தலைவர் இக்னாட்ஸ் கசாப்புக் கடைக்காரர். அவர் கடையின் பின்கட்டில், குடலில் அடைத்துத் தொங்கவிட்ட கொத்துக்கறிக் குழல்களுக்கு நடுவேதான் கூட்டம் நடக்கும். கூட்டத்துக்குப் போய்வந்த கோட்டு ஒரு வாரத்துக்குப் பூண்டு வாசம் அடிக்கும். அக்கரைக் கிளைக்காரர்களுக்குச் சொந்தக் கூடம் இருந்தது. நடனமாட வழவழப்பான மரத்தரைகூட இருந்தது. ஆற்றுப் பாலத்தில் எதிர்ப்பட்டால், "என்னப்பா, கொத்துக்கறிச் சங்கம் எப்படிப் போகுது?" என்று கேட்பார்கள்.

இக்னாட்ஸ் செய்யாத முயற்சி இல்லை. ஐம்பத்தெட்டு வயதுக் கிழவர் ஒருவரின் மீசைக்கு பூட்ஸ் பாலிஷ் தடவி, முப்பத்தொன்பது என்று சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லித் தாடையைப் பிடித்தார். கை கறுப்பாயிற்று. "மீசைக்கு முப்பத்தொன்பதுன்னு போட்டுக்கறேன். மத்ததுக்கு எவ்வளவு வயசு?" என்று கேட்டாராம். தெரு முழுக்க ஒரு மாதம் இதே சிரிப்புதான்.

இதையெல்லாம் எதெல்கா தன் சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயது. கணவன் வென்டெல் உலையில் வேலை பார்த்தான். நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். வீட்டில் பதினோரு பேர் பணம் கொடுத்துத் தங்கிச் சாப்பிட்டார்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்தால் ராத்திரி ஷிப்டுக்காரன் அதே கட்டிலில் படுப்பான். கட்டில் ஆறவே ஆறாது. பதினோரு பேருக்கும் சமையல், சலவை, கிழிந்த சட்டைக்குத் தையல் எல்லாம் அவள்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷமாயிற்று. குழந்தை இல்லை.

கிளைச் செயலாளர் கால்மானும் அந்தப் பதினோரு பேரில் ஒருவன். படித்தவன், அதை மறக்கவும் மாட்டான், மற்றவர்களை மறக்க விடவும் மாட்டான். சங்கத்தின் விதிப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துவிட்டுப் போவான்.

மார்ச் மாதம் ஒருநாள், முட்டைக்கோஸ் உருண்டை வேகும்வரை உட்கார்ந்து எதெல்கா அந்தப் புத்தகத்தைப் புரட்டினாள். நாலாம் விதியை மூன்று முறை படித்தாள். அன்று கால்மான் சாப்பிட வந்ததும் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி, இந்த நாலாம் விதியை எனக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டு."

கால்மானுக்குப் படித்துக் காட்டுவதென்றால் சர்க்கரை. "'மாஜர் மொழி பேசுகிற, நல்ல உடல்நலமுள்ள, உழைத்துப் பிழைக்கிற எவரும் உறுப்பினர் ஆகலாம். அவர் டாக்டரின் சோதனைக்கு உட்பட வேண்டும்.' இதுல என்ன அக்கா புரியல?"

"அந்த 'அவர்' யாரு?"

"உறுப்பினர்."

"அவனா, அவளா?"

கால்மான் கரண்டியைக் கீழே வைத்தான். மாஜர் மொழியில், அதாவது ஹங்கேரியர் பேச்சில், ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த ஒரே சொல்தான். அவனும் இருபத்தாறு வருஷமாக அதைத்தான் பேசுகிறான். ஆனால் இப்படி ஒருத்தர் கேட்டதில்லை.

"அக்கா, விதி எழுதினவங்க ஆம்பளைங்களை நினைச்சு எழுதியிருப்பாங்க."

"நினைச்சதைச் சட்டமாக்க முடியுமா? எழுதினதுதானே சட்டம்? நான் மாஜர் பேசறேன். உடம்பு நல்லா இருக்கு. உழைக்கலைன்னு நீ சொல்லு பார்ப்போம், இன்னிக்கு உன் சட்டையை நீயே துவைச்சுக்கோ."

கால்மான் தட்டை நீட்டினான். உருண்டை இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "தலைவர்கிட்ட நீங்களே பேசுங்க. நான் நடுவுல வரல" என்று எழுந்துபோனான்.

எதெல்கா தலைவரிடம் போகவில்லை. முதலில் அண்டை வீடுகளுக்குப் போனாள். தண்ணீர்க் குழாயடி, கிணற்றடி, தேவாலய வாசல் என்று ஒரே வாரத்தில் பதின்மூன்று பெண்களின் பெயர் வாங்கினாள். தன்னையும் சேர்த்துப் பதினான்கு. எண்பத்தாறும் பதினான்கும் எவ்வளவு என்று இக்னாட்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மனுவைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

பெண்கள் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

"தங்கச்சிங்க மேல எனக்கு மரியாதை உண்டு," என்று இக்னாட்ஸ் ஆரம்பித்தார். "ஆனா இது காப்பீடு. ஆம்பளை செத்தா சம்பளம் நின்னுபோகுது. அந்த நஷ்டத்துக்குத்தான் பணம் தர்றோம். பொம்பளை செத்தா துக்கம் இருக்கும், இல்லைங்கல. நஷ்டம் என்ன இருக்கு? சம்பளம் வந்துகிட்டுத்தானே இருக்கும்?"

பலர் தலையாட்டினார்கள். ஒரு மூலையிலிருந்து, "துக்கத்துக்குத்தான் பிராந்தி இருக்கே" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது.

அப்போது கெர்கெய் எழுந்தார். உலைக்குக் கரி தள்ளுகிறவர், ஆஜானுபாகு. போன குளிர்காலத்தில் அவர் மனைவி யூலிஷ் நிமோனியாவில் இறந்துபோனாள். சிரிப்பு தானாக அடங்கியது.

"தலைவர் நஷ்டம் என்னன்னு கேட்டாரு. சொல்லிடறேன்," என்றார். யாரையும் பார்க்காமல் தொப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ போன மறுவாரம், எங்க வீட்டுல தங்கியிருந்த ஏழு பேரும் வேற வீட்டுக்குப் போயிட்டாங்க. தப்பு சொல்லல. சோறு யார் போடுவா? ஏழு பேர் கொடுத்தது என் சம்பளத்தைவிட அதிகம்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. வாடகை கட்ட முடியாம வீட்டைக் காலி பண்ணினேன். பிள்ளைங்க நாலு பேரும் இப்ப மூணு வீட்டுல சாப்பிடறாங்க. சின்னவ, வழியில என்னைப் பார்த்தா, யார் வீட்டு மாமான்னு பார்க்கிற மாதிரி பார்க்கிறா."

தொப்பியை மறுபுறம் திருப்பினார்.

"நான் செத்திருந்தா அவளுக்கு ஆயிரம் டாலர் கிடைச்சிருக்கும். பிள்ளைங்களும் அவகூடவே இருந்திருக்கும். கணக்குப் பார்த்தா நான் போயிருக்கணும். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

உட்கார்ந்துவிட்டார். வாசலில் எதெல்கா இடுப்பில் கட்டிய சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கெர்கெயின் சின்னவள் அவள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எப்போதும் வாய் திறக்காத வென்டெல் எழுந்து, "ஓட்டு" என்றான். ஒரே சொல். அன்றைக்கு அவனுக்கு அது போதும்.

வெள்ளை மொச்சை என்றால் சம்மதம், கறுப்பு மொச்சை என்றால் மறுப்பு. தொப்பி சுற்றிவந்தது. இக்னாட்ஸ் அதை மேஜையில் கவிழ்த்தார். கறுப்பு ஒன்பதுதான் இருந்தது. அவர் மொச்சையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "உள்ள வாங்கம்மா. ஏன் வெயில்ல நிக்கறீங்க?" என்றார். வெளியே வெயிலே இல்லை, தூறிக்கொண்டிருந்தது. தான் போட்டதும் கறுப்புதான் என்று பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார்.

தலைமையகமும், விதி தடுக்கவில்லை, சேர்த்துக்கொள்ளலாம் என்று பதில் எழுதிவிட்டது. மே மாதக் கடைசியில் டாக்டர் வந்தார். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கேட்டார். கால்மான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தான். எதெல்காவின் முறை கடைசி.

"வேலை?"

"பதினோரு பேருக்குச் சமையல், சலவை."

"ஆபத்தான வேலையா?"

எதெல்கா சட்டைக் கையை முழங்கைவரை ஏற்றிக் காட்டினாள். அடுப்புத் தழும்பு, கொதிநீர்த் தழும்பு, இஸ்திரிப்பெட்டித் தழும்பு. "இது போதாதுன்னா, சம்பள நாள் அன்னிக்கு வந்து அந்தப் பதினோரு பேரையும் பார்க்கச் சொல்லு" என்றாள். கால்மான் பாதியைத்தான் மொழிபெயர்த்தான். டாக்டர் மீதியைப் புரிந்துகொண்டு சிரித்தார்.

அவளை மட்டும் திரைக்குப் பின்னால் நெடுநேரம் பார்த்தார். சில கேள்விகளை இன்னொரு பெண் வழியாகக் கேட்டார். வெளியே வந்து கைகழுவிக்கொண்டே, "பதின்மூன்று பேர் தேர்வு. இவரை இப்போது சேர்க்க முடியாது" என்றார்.

இக்னாட்ஸ் பதறிவிட்டார். "ஏன் ஐயா? இதயமா? நுரையீரலா?"

"இதயம் நன்றாக இருக்கிறது. இரண்டு இதயமும்."

கால்மான் மொழிபெயர்க்க வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டான். திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்தான் ஓடிவந்து சொன்னாள். பிள்ளை பிறந்து ஆறு வாரம் ஆகும்வரை கர்ப்பிணியைக் காப்பீட்டில் சேர்க்கக் கூடாது. அது தலைமையகம் தன் பதிலிலேயே எழுதியிருந்த விதி, அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

எதெல்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சில வாரமாகக் குமட்டிக்கொண்டிருந்ததை, கெட்டுப்போன கறி என்று இக்னாட்ஸின் கடைமேல் பழிபோட்டிருந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. "தலைவரே, மன்னிச்சுக்குங்க. உங்க கறி நல்ல கறிதான்" என்றாள்.

வென்டெலுக்கு உலையடிக்கே ஆள் அனுப்பிச் சொன்னார்கள். அவன் அன்று மாலை வீட்டுக்கு வந்து, பதினோரு பேரையும் சமையலறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டு, தானே உருளைக்கிழங்கு உரித்தான். தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று.

ஆக, கிளையில் தொண்ணூற்றொன்பது பேர். நவம்பரில் பிள்ளை பிறக்கும் என்று மருத்துவச்சி நாள் சொன்னாள். முதல் வாரத்தில் பிறந்தால் டிசம்பருக்குள் ஆறு வாரம் ஆகிவிடும். கடைசி வாரத்தில் பிறந்தால் கொடியும் போயிற்று, கூடமும் போயிற்று. அதற்குப் பிறகு எதெல்காவின் வயிறு மேட்டுத் தெருவின் பொதுச்சொத்து ஆகிவிட்டது. இக்னாட்ஸ் வாரம் இரண்டு முறை மஜ்ஜை எலும்பு அனுப்பினார். அவள் வாளியைத் தூக்கக் குனிந்தாலே, எங்கிருந்தோ ஒரு கரிபடிந்த கை வந்து வாங்கிக்கொள்ளும். கெர்கெய் தினமும் வேலை முடிந்ததும் வந்து விறகு பிளந்து போட்டார். அப்படியே உட்கார்ந்து சின்னவளோடு சாப்பிட்டார். ஆகஸ்டுக்குள் அவள் அவர் மடியில் ஏறி மீசையை இழுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, பாப்பாவைக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க," என்று கால்மான் ஒருநாள் சொன்னான். "கடைசி வாரம் வரைக்கும் இழுத்தா சங்கத்துக்குக் கஷ்டம்."

"உங்க விதிப் புத்தகத்தை அதுக்குப் படிச்சுக் காட்டு. அது என்னை மாதிரி. எழுதியிருந்தாத்தான் கேட்கும்."

நவம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம், பெண் குழந்தை பிறந்தது. தெருவில் இக்னாட்ஸ் கடையை அடைத்துவிட்டு, விரல் மடக்கி நாள் எண்ணினார். ஆறு வாரம் டிசம்பர் இருபத்தொன்றில் முடிந்தது. அன்று காலையே டாக்டரைப் பனியில் வண்டி வைத்து அழைத்துவந்தார்கள். அவர் குழாயை வைத்துக் கேட்டு, "இப்போது ஒரு இதயம்தான். தேர்வு" என்றார். குழந்தைக்குப் போர்பாலா என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானத்தில் ஞானத் தகப்பனாக நின்றவர் கெர்கெய்.

பட்டுக் கொடி பிப்ரவரியில் வந்தது, கூடம் கட்டக் கைகொடுப்பதாகக் கடிதமும் கூடவே வந்தது. மார்ச் பதினைந்து, ஹங்கேரியின் தேசத் திருநாள் அன்று, ஊர்வலம். வழக்கமாக ஆண்கள் சாலையில் நடப்பார்கள். பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்று பார்ப்பார்கள். இந்த முறை, தோளில் மூவர்ணப் பட்டை போட்டுக்கொண்டு பதினான்கு பெண்கள் சாலையில், பேண்டுக்கு நேர் பின்னால் நடந்தார்கள். பாலத்தின் மேல் அக்கரைக் கிளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருத்தன் மட்டும், "இது என்னய்யா புதுசா இருக்கு?" என்று கேட்டான். "உங்க விதிப் புத்தகத்துலயும் இருக்கு, வீட்டுக்குப் போய்ப் படி" என்று எதெல்கா நடையை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனாள்.

வென்டெல் சங்கத்து ஆண்களோடு வரிசையில் நடக்கவில்லை. நடைபாதையில், போர்வையில் சுற்றிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஊர்வலத்துக்குச் சமமாக ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், "அதோ, ரெண்டாவது வரிசையில இடது பக்கம், அதுதான் இவ அம்மா. மூணாவது இல்ல, ரெண்டாவது" என்று கேட்காமலே சொன்னான். அவன் ஒரே நாளில் இவ்வளவு பேசி மேட்டுத் தெருவில் யாரும் கேட்டதில்லை.