உலகத்திலேயே சிறந்த ரப்பர் பூட்ஸ்

கிரெஸ்டன் எனக்குத் தர வேண்டியது ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பது குரோனர். அவனுடைய வேனின் கியர்பாக்ஸ் போய், ஹோல்ஸ்டெப்ரோ சாலையில் கொட்டும் மழையில் நின்றபோது என் விடுமுறைப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. நான் கேட்கவில்லை, அவனும் பேச்சை எடுக்கவில்லை. எங்கள் கடற்கரைப் பக்கத்தில் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பது, அடுத்தவர் வீட்டுக் குளியலறையைத் தட்டாமல் திறப்பது மாதிரி. தினமும் காலையில் அதே வேனில்தான் என்னை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு வருவான். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழும். இரண்டாவது கியர் விழும்போது என் பணத்தை நினைப்பேன். மூன்றாவதிலும் நினைப்பேன். நான்காவதுக்கு முன்னால் துறைமுகம் வந்துவிடும்.

இப்படியே இன்னும் பத்து வருடம் போயிருக்கும். ஆனால் அக்டோபரில் என் கடைவாய்ப் பல் உடைந்தது. கருப்பு ரொட்டியில் ஈரல் மசியல் தடவிக் கடித்தேன், பாதிப் பல் ரொட்டியோடு போய்விட்டது. இந்த நாட்டில் நெஞ்சைப் பிளந்து தைத்து அனுப்பினாலும் ஒரு குரோனர் கேட்க மாட்டார்கள், பல்லுக்கு மட்டும் கைக்காசு. பல் மருத்துவர் சொன்ன தொகையும் கிரெஸ்டன் தர வேண்டிய தொகையும் ஏறக்குறைய ஒன்று. ஒரு பக்கமாகவே மென்றுகொண்டு வேனில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே பெருமூச்சு விட்டேன். எங்கள் ஊர் வழக்கப்படி அதுவே அடாவடி வசூல்.

"பல்லா?" என்றான் கிரெஸ்டன்.

"ம்."

"எனக்கும் போன வருஷம் இருந்துச்சு. தானாப் போயிடும்."

அந்த வாரம்தான் பூட்ஸ் விஷயம் வந்தது. கிரெஸ்டன் போட்டிருப்பது ஸ்டெர்கோ கம்பெனியின் பச்சை ரப்பர் பூட்ஸ், நாற்பத்தாறாம் அளவு, பதினோரு வருடமாக அதே ஜோடி. இடது பூட்ஸில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருப்பான். அந்த ஒட்டுக்குப் பசை வாங்க படகுச் சாமான் கடைக்குப் போனபோது, கடைக்காரர் பூட்ஸைப் படம் எடுத்து கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். கம்பெனி கோபன்ஹேகனில் இருக்கும் விளம்பர ஆட்களுக்கு அனுப்பியது. பதினோரு வருடம் ஒரே பூட்ஸோடு மீன் பெட்டி இறக்கும் உண்மையான மேற்குக் கரைக்காரன்! அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை போல. படம் பிடிக்க வருகிறோம், ஒரே ஒரு வரி சொன்னால் போதும், ஆறாயிரம் குரோனர் என்று போன் செய்தார்கள்.

இதை எனக்குச் சொன்னது கிரெஸ்டன் அல்ல, அவன் மனைவி எல்னா. கூட்டுறவுக் கடையில் முட்டைக்கோஸை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"லாரிட்ஸ், உன் கியர்பாக்ஸ் பணம் எனக்கு நெஞ்சுல கெடக்கு. உன் வீட்டு வழியா நடக்கவே கூச்சமாருக்கு. அந்த ஆறாயிரம் வந்ததும் நேரா உன் கையிலதான். நீ மட்டும் அவன் பக்கத்துலயே நின்னு அந்த வரிய சொல்ல வச்சிரு."

"ஒரு வரிதானே? என்ன வரி?"

"'உலகத்திலேயே சிறந்த பூட்ஸ்'னு."

நாங்கள் இருவரும் முட்டைக்கோஸையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். கிரெஸ்டனை எங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் அன்று எல்னா நாள் முழுக்க நின்று வாட்டிய வாத்தைத் தின்று முடித்து, விரலை நக்கி, அவன் சொல்வது: "திங்கலாம்." மகள் பிறந்தபோது மருத்துவமனையில் தொட்டிலை எட்டிப் பார்த்துச் சொன்னது: "மோசமில்ல." அதைக் கேட்டு எல்னாவின் அம்மா சந்தோஷத்தில் அழுததாகச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான் என்றாலும் கிரெஸ்டன் எங்களுக்கே ஒரு படி மேல்.

எனக்கு விளம்பரத்தின் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்க நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். அந்த ஆசையில் சாப்பாட்டு மேசையில் என்ன பொட்டலம் இருந்தாலும் ஓரம் வரை வாய்விட்டுப் படித்துவிடுவேன். நான் வாங்கும் சலவைத் தூள் ஒவ்வொரு வருடமும் "முன்னைவிடச் சிறந்தது" ஆகிக்கொண்டே வருகிறது. அப்படியானால் போன வருடம் எனக்கு எதை விற்றார்கள் என்று ஒரு கேள்வி வரத்தான் செய்யும். சட்டையில் மீன் வாடை முதல் வருடம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. "பாட்டி சுட்ட சுவை" என்ற பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கம் தொழிற்சாலை முகவரி போலந்தில் இருக்கிறது. இதெல்லாம் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். வாசலில் நின்று வணக்கம் சொல்கிற மாதிரி ஒரு மரியாதைப் பேச்சு. யாரும் அதை நம்பி வாங்குவதில்லை, யாராவது நம்புவார்கள் என்று அவர்களும் அச்சடிப்பதில்லை. இதைத்தான் கிரெஸ்டனுக்கு வேனில் விளக்கிச் சொன்னேன்.

"நம்பாததை எதுக்குச் சொல்றாங்க?" என்றான்.

விளம்பரப் பெண்ணின் பெயர் செசிலியே. மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தாள். கூட ஒரு கேமராக்காரன், வந்ததிலிருந்து குளிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். அவளுக்கு எல்லாமே பிடித்தது. படகுத்துறை அற்புதம், பனிக்கட்டி உடைக்கும் இயந்திரத்தின் சத்தம் அற்புதம். எங்கள் ஓய்வறையில் விடியற்காலையிலிருந்து சூட்டிலேயே கிடந்த காபியை ஒரு வாய் குடித்து, "எவ்வளவு அருமையான காபி!" என்றாள். நாங்கள் எல்லோரும் திரும்பி அந்தக் கெட்டிலைப் பார்த்தோம். ஒருவன் எழுந்து போய் மூடியைத் திறந்துகூடப் பார்த்தான்.

கிரெஸ்டனைப் படகுத்துறை விளிம்பில் நிறுத்தினார்கள். எல்னா காபி பிளாஸ்குடன் மீன் பெட்டிகள் பக்கத்தில் நின்றாள். நான் அவளுக்கு அருகில்.

"முதல்ல சும்மா பேசலாம்," என்றாள் செசிலியே. "இந்த பூட்ஸைப் போட்டதும் உங்களுக்குள்ள என்ன தோணுது?"

கிரெஸ்டன் யோசித்தான். "காலு."

"அருமை! பதினோரு வருஷமா ஏன் இதையே போடுறீங்க?"

"கால்ல இருக்குது."

"மத்த பூட்ஸைவிட இதுல என்ன விசேஷம்?"

"மத்தத நான் போட்டதில்லையேம்மா."

"சரி, பனி, புயல், அலை... எல்லாத்துலயும் உங்க கால் உலர்ந்தே இருந்துச்சு, இல்லையா?"

"வலது கால் இருந்துச்சு."

கேமராக்காரன் மூக்கை உறிஞ்சினான். செசிலியே சிரித்த முகம் மாறாமல் பக்கத்தில் வந்து, இடது காலைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொண்டாள். "நீங்கதானம்மா கேட்டீங்க," என்றான் அவன், மனம் நோகாமல்.

பிறகு அந்த வரிக்கு வந்தார்கள். அவன் வாயைத் திறந்தான். "உலகத்துல..." என்றான். நின்றான். "உலகத்துல மொத்தம் எத்தனை பூட்ஸ் இருக்கும்?" என்று கேட்டான். எண்ண வேண்டியதில்லை என்று சொன்னார்கள். மறுபடி தொடங்கினான். "உலகத்திலேயே..." கழுத்து நரம்பு புடைத்தது. மீன் முள் சிக்கியவனைப் போலக் கண் கலங்கியது. செசிலியே நல்ல பெண். வரியைக் குறைத்தாள். உலகம் வேண்டாம், "மிகச் சிறந்த பூட்ஸ்" போதும் என்றாள். பிறகு "ரொம்ப நல்ல பூட்ஸ்" போதும் என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "ரொம்ப..." என்று ஆரம்பித்து, "ரொம்ப நாளா போடுறேன்," என்று முடித்தான்.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. என் பல் விண் விண்ணென்று தெறித்தது. நான் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனேன்.

"யோவ், ஆறாயிரம்யா. மூணு வார்த்தை. வார்த்தைக்கு ரெண்டாயிரம். உனக்கு நாக்குல என்ன கட்டியா வந்திருக்கு?"

"வரலடா."

"பொட்டலத்துல போடுற பேச்சுதானேய்யா அது. எவன் நம்பப் போறான்?"

அவன் எல்னா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் குரல் அவளுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னான். "முப்பது வருஷமா அவகிட்டயே அப்படி ஒண்ணும் சொன்னதில்ல. இப்ப ரப்பருக்குப் போய் சொன்னா அவ என்ன நெனைப்பா?"

கடற்காற்று அவள் பக்கம்தான் அடித்தது. எல்னா பிளாஸ்கின் மூடியைத் திருகினாள், பிறகு அதையே எதிர்ப்பக்கம் திருகினாள்.

"நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன், மனுஷா!" என்று கத்தினாள். "சொல்லித் தொலை! ரப்பருக்குத்தானே!"

அவன் அவளைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், பூட்ஸைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். முடியாது என்பதற்கு.

செசிலியே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "நீங்க சொல்றீங்களா? யார் சொல்றாங்களோ அவங்க கணக்குலதான் பணம் போடுவோம்."

என் காலில் இருந்தது வேறு கம்பெனி. கிரெஸ்டன் மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். எனக்கு நாற்பத்திரண்டு அளவு. பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நின்றேன். இடது கால் உடனே நனைந்தது. வாயை ரொம்பத் திறக்க வேண்டாம், பல் தெரிகிறது என்றாள் செசிலியே. நான் கடலைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "உலகத்திலேயே சிறந்த பூட்ஸ். வேற எதையும் நான் தொட மாட்டேன்."

இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அது தானாகவே வந்தது. அத்தனை வருடம் பொட்டலங்களை வாய்விட்டுப் படித்த வாய், வேறென்ன செய்யும்? செசிலியே கை தட்டினாள். எங்கள் ஆட்கள் தட்டவில்லை. மீன் பெட்டியின் மேல் காலுறையோடு உட்கார்ந்திருந்த கிரெஸ்டன், பக்கத்து வீட்டுக்காரன் நடுச் சந்தையில் காற்சட்டையை அவிழ்த்த மாதிரி என்னைப் பார்த்தான்.

விளம்பரம் வந்தபோது நவம்பர் ஆகிவிட்டது. அதன் பிறகு ஊரில் எனக்கு நிம்மதி கிடையாது. கூட்டுறவுக் கடையில் பில் போடும் பெண், "லாரிட்ஸ், இந்த உருளைக்கிழங்கு உலகத்துலயே எத்தனாவது?" என்கிறாள். படகு ஆட்கள் என்னைக் கண்டதும், "வழி விடுங்கப்பா, உலகத்திலேயே சிறந்த கூலியாள் வர்றாரு," என்று ஒதுங்கி நிற்கிறார்கள். தேவாலயத்தில் பாதிரியார் கை கொடுத்தபோதுகூட என் காலைத்தான் பார்த்தார். பல்லை மட்டும் கட்டிக்கொண்டேன். இரண்டு பக்கமும் மெல்ல முடிகிறது.

பணம் வந்ததை நான் கிரெஸ்டனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. வேன் ஓடியது, கியர் விழுந்தது. ஒரு காலை, படகு வரத் தாமதமாகி, நாங்கள் இருவரும் படகுத்துறையில் தூறலில் நின்றுகொண்டிருந்தோம்.

"வந்துச்சா?" என்றான், கடலைப் பார்த்தபடி.

"வந்துச்சு."

"பூட்ஸ் என்னுது," என்றான்.

"வாய் என்னுதுய்யா. ஊரே சிரிக்குது."

"பூட்ஸ் பதினோரு வருஷம் வேலை பாத்துருக்கு. உன் வாய் அரை நிமிஷம் பாத்துச்சு."

நியாயமாக யோசித்தால் அவன் கணக்கில் பிழை இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"அப்ப கியர்பாக்ஸ்?" என்றேன். ஒன்றரை வருடத்தில் அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் காது சுட்டது.

"தீந்துச்சு."

"அதுபோக நூத்தி அறுபது நிக்குதே."

"அது உன் வாய்க்கூலி. வச்சுக்க."

அவன் கையை நீட்டவில்லை, நானும் நீட்டவில்லை. கடன் தீர்ந்ததற்கு அதற்கு மேல் ஒரு சடங்கு எங்களுக்குத் தெரியாது. சற்று நேரம் கழித்து அவனாகவே, "படம் பிடிச்ச அன்னிக்கு வீட்டுக்குப் போய் எல்னாகிட்ட ஒண்ணு சொன்னேன்," என்றான்.

"என்ன சொன்னே?"

"'நீ நல்லாருக்கே'ன்னு."

"அதுக்கு அவ?"

"நெத்தியத் தொட்டுப் பாத்தா. காய்ச்சலான்னு கேட்டா." மூக்கு நுனியில் நின்ற மழைத்துளியைப் புறங்கையால் துடைத்தான். "கையை உடனே எடுக்கல."

எங்கள் முன்னால் கட்டையின் மேல் ஒரு கடற்புறா உட்கார்ந்திருந்தது. எங்கிருந்தோ ஒரு தட்டை மீனைப் பிடித்திருந்தது, தன் தலையைவிட அகலமான மீன். பாதி உள்ளே போய் நின்றுவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனமில்லை. கழுத்தை வானத்துக்கு நீட்டி, கண்ணை உருட்டி, சிறகை ஒரு முறை விரித்து மூடியது. வால் வாய்க்கு வெளியே அப்படியே நின்றது. படகின் ஊதல் சத்தம் கேட்டது. நாங்கள் நகரவில்லை. இருவரும் அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.