வேலிக்கு வெளியே ஒரு துண்டுக் கிழங்கு

சிம்பாங் அம்பாட் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் இருளாண்டிக்கு, இடது நெஞ்சில் அந்த மந்தமான வலி வெயில் ஏறிய பிறகுதான் வரும். பால் வாளிகளைக் காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டித் தோளில் தூக்கினால், உள்ளே யாரோ ஈரச் சாக்கை வைத்து அழுத்துவது போலிருக்கும்.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் ரங்கசாமி குழாய் வைத்துப் பார்த்தார். "வெறும் வயித்துல வேலை செய்றே. வாய்வா இருக்கும். கம்பு அழுத்துனதாவும் இருக்கலாம். வலிக்கிறப்ப கொஞ்சம் சாப்பிட்டுப் பாரு. அடங்கிட்டா வயிறு. அடங்கலேன்னா இருதயம், லோரில போட்டு மலாக்கா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடறேன்."

அவன் மனைவி பெத்தம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று, குடியிருப்பைச் சுற்றிய முள்வேலியின் வாசலைத் தாண்டி ஒரு பருக்கை போகக் கூடாதென்பது அவசரகாலச் சட்டம். பிடிபட்டால் ஜெயில். வலி வருவதோ வேலிக்கு வெளியே.

மறுநாள் விடிந்ததும், அவித்த மரவள்ளித் துண்டு ஒன்றைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு வரிசையில் நின்றாள். பெண்களைச் சோதிக்கும் வேலாயி அவள் இடுப்பைத் தடவினாள்.

"என்னாடி, கொண்டை பெரிசா இருக்கு? பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"உங்களுக்குத்தான் அக்கா மாப்பிள்ளை பாத்து வச்சிருக்கேன். தாலி கட்டிக்கிறீங்களா?"

வரிசை சிரித்தது. வேலாயி செல்லமாக அவள் முதுகில் ஒன்று வைத்துத் தள்ளிவிட்டாள்.

பால் எடுக்கும் நேரத்தில் பெத்தம்மாள் தான் வெட்டும் மர நிரையை விட்டு அவனிடம் ஓடினாள். மரத்தடியில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"இந்தாங்க, தின்னுங்க."

"அடிப்பாவி, உள்ள போட்டுருவானுங்கடி!"

"தின்னுங்கன்றேன்ல."

அவன் மென்றான். இத்தனை காலமும் பசியைத் திட்டியே வாழ்ந்தவள், இது பசியாகவே இருக்கட்டும் தாயே என்று மாரியாத்தாளிடம் கெஞ்சினாள்.

"போயிருச்சு புள்ள," என்று சிரித்தான் அவன். எழுந்து கம்பைத் தோளில் வைத்தான். நாலு மரம் தாண்டவில்லை, முழங்கால் மடங்கியது. சருகெல்லாம் வெள்ளையாகப் பால் ஓடியது.

"பொய் சொன்னேன்டி. அப்படியேதான் இருக்கு."

அவள் வேலிவாசலுக்கு ஓடினாள். வாசலை ஒட்டிய மருந்துக் கொட்டகையிலிருந்து டிரெசர் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, அவரு விழுந்துட்டாரு. லோரிய அனுப்புங்க!"

"சாப்பிட்டானா? அங்க எதைச் சாப்பிடுவான்? பசி மயக்கம்தாம்மா. வீட்டுக்கு வந்து சோறு தின்னா சரியாயிரும். இதுக்கெல்லாம் லோரி கேட்டா தொரை என்னையத் தொலைச்சிருவாரு."

துப்பாக்கியோடு போலீஸ்காரன் நின்றான். பக்கத்தில் வேலாயி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அவளும் மாட்டுவாள். பெத்தம்மாள் ஒருமுறை அவளைப் பார்த்தாள்.

"சாப்பிட்டாரு ஐயா. கொண்டைக்குள்ள கிழங்கு வச்சு நான்தான் கொண்டுபோனேன்."

வேலாயியின் வாய் நின்றது.

"தின்னும் அடங்கல ஐயா."

போலீஸ்காரன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் திமிறவில்லை. டிரெசர் லோரிக் கொட்டகைப் பக்கம் ஓடத் தொடங்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தின்னும் அடங்கல. தின்னும் அடங்கல."