நின்று நின்று ஓடும் ஃபேன்

வயரிங் மாஸ்டர் எதிரில் மட்டும் அந்த ஃபேன் தங்கமாக ஓடும். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். மூன்று வாரத்தில் மூன்றாவது தடவையாக வேனைப் பட்டறைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். முதல் தடவை ஸ்விட்சை மாற்றினார். அடுத்த தடவை மோட்டாரையே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். இரண்டு தடவையும் உள்ளே உட்கார்ந்து போட்டுப் பார்த்தார், ஓடியது. பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் சனியன் நின்றுவிடும்.

ஃபேன் நின்றால் குடியா முழுகிப்போகும் என்று கேட்கலாம். பின்சீட்டில் படுத்திருப்பவர் அவளுடைய அப்பா. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரப் பயணம். அரதப் பழசான வேன். பின்பக்கக் கண்ணாடி ஒன்றுகூடத் திறக்காது. முன்ஜன்னலைத் திறந்தால் புழுதியும் புகையும் வந்து இருமல் பிடித்துக்கொள்ளும். ஃபேன் நின்ற ஐந்தாவது நிமிடம் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கும்.

அண்ணன் போனில் கறாராகச் சொல்லிவிட்டான். "இந்தத் தடவையும் சரியாகலைன்னா அந்தத் தகர டப்பாவைத் தலைமுழுகிடு. அப்பாவை நான் கூட்டிட்டு வந்துடறேன். எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு."

"பார்க்கலாம்ணா" என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது. கடவுளே, இது சரியாகவே கூடாது என்று மனசு வேண்டிக்கொண்டிருந்தது. நாலு வருஷமாக வேலையை விட்டுவிட்டு மாத்திரை டப்பாவும் ஸ்டியரிங்குமாகக் கிடக்கிறாள். பழைய ஆபீசில் மறுபடி கூப்பிடுகிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். பெற்றவரை வைத்துக்கொண்டு இப்படி நினைக்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

இன்றைக்கு மாஸ்டரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். அப்பா பின்னால் வழக்கம்போலப் படுத்திருந்தார். கதவெல்லாம் சாத்தி, வெயிலில் அரைமணி நேரம் தெருத்தெருவாகச் சுற்றினாள். அவளுக்குப் பக்கத்து சீட்டில் மாஸ்டர் கரண்ட் பார்க்கும் டெஸ்ட் லைட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஃபேன் சமர்த்தாக ஓடியது.

"ஏம்மா, ஃபேன் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கும் அதுக்கும்தான் ஏதோ ஆகலை போல."

"விளையாடாதீங்க மாஸ்டர். நீங்க இறங்கின உடனே பாருங்க, அது வேலையைக் காட்டும்."

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் இறங்கினார். ஃபேன் நின்றது. ஏறி உட்கார்ந்தார், ஓடியது. இறங்கினார், நின்றது. "அட, என்ன நக்கலா" என்று முணுமுணுத்தபடி வெளியே நின்றே சீட்டைக் கையால் அழுத்தினார். மறுபடி ஓடியது.

"இந்த சீட்டுல யாரு உட்காருவா?"

"அப்பாதான். மூணு வாரமா உட்கார முடியலை, பின்னால படுத்துக்கறார்."

மாஸ்டர் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஃபேனோட எர்த் ஒயரை சீட்டு போல்ட்டுல சுத்தி விட்டிருக்கு. போல்ட்டு லூசு. ஆள் உட்கார்ந்தா அழுத்தும், ஓடும். எழுந்தா போச்சு. எந்த மகராசன் பார்த்த வேலையோ?"

"நான்தான்" என்றார் அப்பா பின்னாலிருந்து. "ஆறு வருஷம் முன்னாடி. அவசரத்துக்குச் சுத்தினது, அப்படியே விட்டுட்டேன்."

அவள் மெல்லத் திரும்பினாள். "அப்போ உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"முதல் நாள் நின்னப்பவே தெரியும்."

"பின்னே ஏன் வாயே திறக்கலை? மூச்சு முட்டி அந்தப் பாடுபட்டீங்களே?"

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி ஆகாதுன்னு ஆயிட்டா உங்க அண்ணன் கூட்டிட்டுப் போவான். நீயும் வேலைக்குப் போவே. எத்தனை நாளைக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டு அழுவே?"

மூன்று வாரமாக அவள் வேண்டிக்கொண்டது இதைத்தானே? கைமேல் கொடுக்கிறார். வாங்கத்தான் முடியவில்லை. இவளுக்காக மூச்சைப் பணயம் வைத்துவிட்டுப் படுத்திருந்த மனுஷரை எந்த முகத்தோடு அண்ணன் வீட்டில் இறக்கிவிட்டு வருவது? அவர் ஒரு தடவை எரிந்து விழுந்திருந்தால், படுத்தி எடுத்திருந்தால், நிம்மதியாகப் போயிருப்பாள். பாவி மனுஷர் அந்த வழியையும் அடைத்துவிட்டார். அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

மாஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா பண்ணட்டும்? பத்து நிமிஷ வேலை. வேணாம்னா அப்படியே விட்டுடறேன்."

"அந்த எர்த்தை வண்டி பாடியில நல்ல இடமாப் பார்த்து முறுக்குங்க மாஸ்டர்" என்றாள். "இனிமே கழலவே கூடாது."

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியேம்மா" என்றார் அப்பா.

வேலை முடிந்ததும் அவள் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தாள். பக்கத்து சீட் காலியாக இருந்தது. ஆஸ்பத்திரி போகும்வரை ஃபேன் நிற்கவே இல்லை.