இர்மா பேசும் காட்சி

1

ஒரு திரைப்பட விழாக் கையேட்டில், ஒரு பழைய ஆவணப்படத்தைப் பற்றிப் படித்த ஒற்றை வரிதான் இந்தக் கதையை எழுத வைத்தது: 'தொழிலாளியின் மௌனத்தை இதைவிடத் துணிச்சலாக எவரும் படமாக்கியதில்லை.' மௌனமா? அந்தப் படத்தில் வரும் பெண் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள்.

எழுபதுகளில், பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தின் மேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு— [வேண்டாம். பனியை எழுதினால் கோபம் ஆறிவிடும்.]

2

இர்மா நெசவாலைத் தொழிலாளி. பக்கத்துத் தறியில் பௌலாவின் இரண்டு விரல்கள் போயின. அறுந்த இழையைச் சீக்கிரம் முடிச்சுப் போட இடைஞ்சல் என்று, கை சிக்காமல் மறைக்கும் காப்புத் தகட்டைக் கழற்றியது நிர்வாகம்; பழியை மட்டும் பௌலாவின் கவனக்குறைவின்மேல் போட்டது. வேலைநிறுத்தம் நடந்தது, தோற்றது. தகடு திரும்பவில்லை. அந்த நாட்களில் யோரிஸ் என்ற இயக்குநர் கேமராவோடு வந்தார். இர்மா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

(இங்கே ஒன்றை விளக்க வேண்டும். அன்று படம் ஒரு சுருளில், ஒலி தனி நாடாவில். காட்சிக்கு முன்னால் தட்டும் கிளாப் கட்டைதான் இரண்டையும் சேர்க்கும் அடையாளம். கட்டை மூடும் படமும் 'டக்' என்ற ஒலியும் நேருக்கு நேர் வந்தால் உதடும் குரலும் பொருந்திவிடும். பிரிப்பது அதைவிடச் சுலபம். ஒலிநாடாவை வெட்டி, வெற்று நாடாவை ஒட்டினால் போதும்.)

இர்மா பேசும் இடத்தில் யோரிஸ் ஒட்டினார்.

3

தொழிற்சங்கக் கூடத்தில் முதல் காட்சி. விஷயம் தெரிந்து வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள் இர்மா.

"ஏன் தம்பி, என் குரலு அவ்ளோ மோசமாவா இருக்கு?"

"ஐயோ, அப்படி இல்லைங்க. நீங்க பேசுறது கேட்கலைன்னாதான், ஏன் கேட்கலைன்னு ஜனங்க யோசிப்பாங்க. அதுதான் அரசியல்."

"என் வாயை அடைக்க மேனேஜர் எவ்வளவோ பார்த்தாரு. நீங்க ஒரு துண்டு நாடாவுல அடைச்சிட்டீங்க."

அந்த வாக்கியம் யோரிஸுக்குப் பிடித்துப்போயிற்று. குறித்துக்கொண்டார்.

[அவரை வில்லனாக்கிவிட்டேனோ? இல்லை. வேலைநிறுத்தக்காரர்களுக்குக் கைப்பட சூப் காய்ச்சி ஊற்றியவர். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது.]

4

முதலில் ஒரு முடிவு எழுதினேன்: படத்தொகுப்பாளர் யாருக்கும் தெரியாமல் ஒலியைத் திரும்ப ஒட்டிவிடுகிறார். அடித்துவிட்டேன். இர்மாவுக்குக் குரல் தர இன்னொரு படித்தவர் எதற்கு?

நடந்தது இது. முன்வரிசையில் விமர்சகர்களும், மரியாதைக்கு அழைக்கப்பட்ட ஆலை மேனேஜரும். அவர்களுக்கு நேர்பின்னால் இர்மாவும் மற்ற தறிக்காரிகளும். திரை நிறைய இர்மாவின் முகம், சத்தமில்லை. விமர்சகர்கள் பயபக்தியோடு மூச்சடக்கினார்கள்.

பின்வரிசை சிரித்தது.

"அப்படிப் போடு இர்மா," என்றாள் பௌலா.

தறிக்கூட இரைச்சலில் காது எதற்கும் உதவாது. நாள் முழுக்க ஒருவர் உதட்டை ஒருவர் படித்துத்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள். இவ்வளவு பெரிய உதட்டை அதுவரை படித்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரு விமர்சகர் திரும்பி இர்மாவிடம் கிசுகிசுத்தார்: "நீங்க அதுல என்ன சொல்றீங்க?"

"உங்களுக்காகத்தான் சார் சத்தத்த எடுத்திருக்காங்க. யோசிங்க."

மேனேஜர் மட்டும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவரும் ஒருகாலத்தில் தறியில் நின்றவர். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

5

வீட்டுக்குப் போனாரா, கழற்றிய தகடுகள் கிடக்கும் கிடங்குக்குப் போனாரா? நான் எழுதப்போவதில்லை. காலையில் பௌலா மிச்சமிருக்கும் விரல்களோடு அதே தறியின் முன்னால் நிற்பாள். தகடு இருக்கிறதா இல்லையா என்பதை நீங்கள் எழுதுங்கள். இருக்கிறது என்று எழுதுகிறவர்கள், அதை யார் மாட்டினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.